ஒரு பழைய பென்ஸும் ஒரு முத்து மாலையும்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு புகைப்படம் இருக்கிறது. அம்மா அப்பா கல்யாணத்தன்று எடுத்தது. எல்லோரும் மணமக்களைப் பார்ப்பார்கள், நான் மட்டும் பின்னால் நிற்கும் காரைப் பார்ப்பேன். வெள்ளை நிறம். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மீன் துடுப்பு மாதிரி எழும்பிய விளிம்பு. மூக்கு நுனியில் மூன்று முனை நட்சத்திரம். 1960களில் ஜெர்மனியில் செய்த மெர்சிடிஸ் பென்ஸ் அது. அந்த வாலை வைத்தே ஜெர்மானியர்கள் அந்த வகைக்குத் 'துடுப்பு வால்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

பெரியப்பா அதை 1980களில் சென்னையில் ஒருவரிடம் கைமாற்றாக வாங்கியிருக்கிறார். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒரு வேன் டீசல் எஞ்சினைப் போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் ஓடி, பிறகு ஷெட்டில் நின்று, கடைசியில் பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுப் போய்விட்டது. "எடுத்துட்டுப் போனவனுக்கு நான் டீ வேற வாங்கிக் குடுத்தேம்ல" என்பார் பெரியப்பா.

"அதை வச்சிருந்தா இன்னைக்கு நாம கோடீஸ்வரங்க" என்று என் அண்ணன் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவரைச் சீண்டுவான். அவரும் சிரித்துக்கொண்டே முகம் வாடுவார். அது உண்மையா என்று பார்த்துவிடலாம் என்றுதான் இந்த வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட விஷயம் காரிலிருந்து நகர்ந்து எங்கள் ஊர் முத்துக்கு வந்து நின்றது. கட்டுரை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

1,100 கோடிக்கு ஒரு கார்

முதலில் உச்சத்தைப் பார்ப்போம். 2022 மே 5 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் உள்ள மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்தில், அழைக்கப்பட்ட சிலர் மட்டும் கலந்துகொண்ட ஓர் ஏலம் நடந்தது. விற்றது ஒரே ஒரு கார். 1955-இல் செய்த 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூபே. விலை 13 கோடியே 50 லட்சம் யூரோ. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 1,100 கோடி ரூபாய்! அதற்கு முன் ஏலத்தில் அதிக விலை போன கார் 1962-ஆம் வருட ஃபெராரி 250 ஜிடிஓ. 2018-இல் அது சுமார் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போயிருந்தது. பென்ஸ் அதைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு தாண்டிவிட்டது.

ஏன் இவ்வளவு? அந்தக் கார் உலகத்திலேயே இரண்டுதான். 1955-இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு மெர்சிடிஸ் கார் கூட்டத்துக்குள் பறந்து விழுந்து 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். அந்த வருடக் கடைசியில் கம்பெனி பந்தயத்தையே விட்டுவிட்டது. அடுத்த வருடப் பந்தயத்துக்காகச் செய்த இரண்டு கூபேக்களும் ஓட வேண்டிய பந்தயத்தில் ஓடவே இல்லை. அவற்றில் ஒன்றைத் தலைமைப் பொறியாளர் ருடால்ஃப் ஊலன்ஹாட் தன் ஆபீஸ் காராக ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயரே காருக்கு நிலைத்துவிட்டது. கம்பெனி இதை ஒருநாளும் விற்காது என்று எல்லோரும் நம்பியிருந்த ஒரு பொருள் ஒருநாள் விற்பனைக்கு வந்தது. அதன் விலைதான் அது. கிடைத்த பணத்தை மாணவர்களின் உதவித்தொகைக்கு ஒதுக்குவதாகக் கம்பெனி அறிவித்தது. (நமக்கு யாரும் தகவல் சொல்லவில்லை :-))

இது ஒரு தனிப் பிறவி. சாதாரணமாக விலை எப்படி ஏறுகிறது என்பதற்கு நல்ல உதாரணம் 300 எஸ்எல். கதவுகள் மேல்நோக்கித் திறந்து பறவை சிறகு விரித்த மாதிரி நிற்குமே, அதுதான். நியூயார்க்கில் கார் விற்ற மேக்ஸ் ஹாஃப்மன் என்ற இறக்குமதியாளர் வற்புறுத்தியதால் பந்தயக் காரைச் சாலைக் காராக மாற்றி 1954-இல் நியூயார்க்கிலேயே காட்சிக்கு வைத்தார்கள். அமெரிக்காவில் அன்றைய விலை 6,820 டாலர். 1957 வரை மொத்தம் 1,400 கார்கள். பிறகு அது மற்றக் கார்களைப் போலவே பழைய காராகிக் கைமாறியது. இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்று பத்து லட்சம் டாலரைத் தாண்டுகிறது. அந்த 1,400-இல் வெறும் 29 மட்டும் அலுமினிய உடலோடு செய்தவை. அப்படி ஒன்று 2022 ஜனவரியில் 68 லட்சம் டாலருக்கு மேல் போனது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், தகடு மட்டும் வேறு. விலையோ பல மடங்கு.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. 2003-இல் மெக்சிகோவில் கடைசி வண்டி வெளியே வரும்வரை உற்பத்தி ஓடியது. வயதும் வரலாறும் எவ்வளவு இருந்தாலும் சாதாரண பீட்டில் ஒன்று சாதாரண விலைக்குத்தான் போகும். ஆனால் 1953 தொடக்கம் வரை வந்த, பின்கண்ணாடி இரண்டாகப் பிளந்த மாதிரி இருக்கும் பீட்டிலுக்குத் தனி மவுசு. அது கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது.

போர்ஷே 911 இன்னொரு பாடம். அதன் எஞ்சின் பல பத்தாண்டுகள் காற்றாலேயே குளிர்ந்தது. 1998-உடன் அது முடிந்து, தண்ணீரில் குளிரும் எஞ்சின் வந்தது. புதியது எல்லா விதத்திலும் வசதியானது. ஆனால் சேகரிப்பவர்கள் "இனி வராது" என்று பழையதன் பின்னால் ஓடினார்கள். 2010களில் அதன் விலை மளமளவென்று ஏறியது. தரம் ஒரு பக்கம், 'இனி கிடையாது' என்பது இன்னொரு பக்கம். விலையை ஏற்றுவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

எப்போதும் ஏறும் என்று நினைத்துவிடாதீர்கள். 1980களின் கடைசியில் பழைய கார்களை ஷேர் மாதிரி வாங்கிக் குவித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் எல்லாம் சரிந்து பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 2019-இல் ஒரு வேடிக்கை. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1939-இல் உருவாக்கிய 'டைப் 64' அமெரிக்காவின் மான்டரே நகரில் ஏலத்துக்கு வந்தது. திரையில் 3 கோடி, 4 கோடி என்று ஏறி 7 கோடி டாலர் என்று காட்டியது. அரங்கமே எழுந்து நின்றது. பிறகு ஏலக்காரர், "இல்லை, 1 கோடியே 70 லட்சம்" என்றார். ஆங்கிலத்தில் பதினேழும் எழுபதும் காதுக்கு ஒரே மாதிரி விழுமே, அந்தக் குழப்பம். கூட்டம் கூச்சல் போட, கார் விற்காமலே திரும்பிப் போனது. ஒரு நிமிடத்தில் 5 கோடி டாலர் காணாமல் போனது!

நம்ம ஊர் முத்துக்கு நடந்தது

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. இந்தச் சூதாட்டம் எங்கள் கடற்கரைக்குப் புதிதே இல்லையே!

கொற்கை முத்தைப் பற்றி கிரேக்கக் கடற்பயணக் குறிப்பே பேசுகிறது. பிற்காலத்தில் முத்துக்குளித்துறை போர்த்துக்கீசியர் கைக்கும், 1658-இல் டச்சுக்காரர் கைக்கும், பிறகு ஆங்கிலேயர் கைக்கும் போனது. ஆங்கிலேயர் காலத்தில் பரதவர்களும் மற்றவர்களும் மூச்சடக்கி மூழ்கி எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு மூழ்கியவர்களுக்கு. அரசாங்கப் பங்கைக் கரையிலேயே ஏலம் விடுவார்கள். எப்படித் தெரியுமா? சிப்பியைத் திறக்காமலே, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று! உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்று வாங்குகிறவனுக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது. கார் ஏலத்திலாவது சேஸிஸ் எண்ணைப் பார்த்து, எஞ்சின் அசலா என்று குனிந்து பார்க்கலாம்.

முத்தை மதிப்பிடும் கணக்கும் சுவாரசியமானது. துளையிட்ட சின்னச் சின்ன பித்தளைக் கூடைகளில் சலித்து அளவு வாரியாகப் பிரிப்பார்கள். அப்புறம் உருட்சி, நிறம், ஒளி. விலை எடைக்கு நேராக ஏறாது, எடையின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதாவது இரண்டு மடங்கு எடையுள்ள முத்துக்கு நான்கு மடங்கு விலை. பெரிய முத்து அவ்வளவு அரிது என்பதைக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். அந்த 29 அலுமினியக் கார்களின் விலையை நம்ம ஊர் முத்து வியாபாரியிடம் சொல்லியிருந்தால் அவர் ஆச்சரியப்பட்டிருக்கவே மாட்டார்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்கை முத்து உலகத்தின் உச்ச விலைப் பொருள்களில் ஒன்று. 1917-இல் நியூயார்க்கில் ஒரு பணக்காரர் ஐந்தாவது அவென்யூவில் இருந்த தன் மாளிகையை கார்ட்டியே நகைக் கம்பெனிக்குக் கொடுத்தார். பதிலாக வாங்கியது 100 டாலரும், மனைவிக்காக இரண்டு சர முத்து மாலையும். மாலையின் மதிப்பு அன்று பத்து லட்சம் டாலர். அந்தக் கட்டிடத்தில் கார்ட்டியே கடை இன்றும் இருக்கிறது.

மாலை என்ன ஆனது? அங்கேதான் கதை. ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893-இல் சிப்பிக்குள் செயற்கையாகக் கரு வைத்து அரைவட்ட முத்து எடுத்தார். 1920களில் உருண்டையான வளர்ப்பு முத்து ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. பிறகு உலகப் பொருளாதார மந்தம். இயற்கை முத்தின் விலை நொறுங்கிப் போனது. மாளிகைக்கு ஈடாகக் கொடுத்த அந்த மாலை 1957-இல் ஏலத்துக்கு வந்தபோது கிடைத்தது 1,51,000 டாலர் மட்டும்.

எங்கள் கடலிலும் முத்துச் சலாபம் 1955-இலிருந்து 1961 வரை தொடர்ந்து நடந்து, அதோடு நின்றது. பார்களில் சிப்பி வளம் திரும்பவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடிப் பக்கத்தில் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டியது. தொழில்நுட்பத்தில் அது வெற்றிதான். ஆனால் ஊர் பழைய முத்து நகரமாகத் திரும்பவில்லை.

சரி, முத்துக்கு அவ்வளவுதானா என்றால், அதுவும் இல்லை. இயற்கை முத்து எடுப்பதே நின்றுபோனதும் மிஞ்சிய பழைய முத்துகள் 'இனி கிடையாது' கணக்கில் சேர்ந்துவிட்டன. 'லா பெரெக்ரினா' என்ற முத்தை நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் 1969-இல் 37,000 டாலருக்கு வாங்கி எலிசபெத் டெய்லருக்குக் கொடுத்தார். 2011-இல் அது 1 கோடியே 18 லட்சம் டாலருக்குப் போனது. ராஜா ராணிகளின் கதையும் நடிகையின் பெயரும் சேர்ந்த விலை அது. போர்ஷே எஞ்சினுக்கு நடந்ததேதான் இங்கேயும்!

இந்தியாவுக்குள் ஒரு வேலி

இந்தியாவில் பழைய ஜெர்மன் கார் என்றால் முதலில் ராஜாக்கள்தான். பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்குக்கு 1935-இல் ஹிட்லர் ஒரு மேபாக் காரைப் பரிசாகக் கொடுத்ததாக அந்தக் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதிரிக் கதை காரின் விலையைக் கூட்டும். இது எனக்கு நெருடலான விஷயம். போர்க்காலத்தில் டைம்லர் பென்ஸ் தொழிற்சாலைகளில் கட்டாய உழைப்பாளிகள் வதைபட்டார்கள். அந்தப் பெயர்கள் எந்த ஏலப் புத்தகத்திலும் வராது. முத்து மாலையின் விலைச்சீட்டில் மூச்சடைத்து இறந்த குளியாளியின் பெயர் வராத மாதிரி.

1971-இல் மன்னர் மானியம் ஒழிந்தது. அதற்கு முன்பே அரண்மனைக் கார்கள் பல சொற்ப விலைக்கு வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. 1970களின் தொடக்கத்தில் அரசு இந்த ஏற்றுமதியைத் தடுத்தது. இன்னொரு பக்கம் இறக்குமதிக்கும் கதவு கிட்டத்தட்ட மூடித்தான் இருந்தது. வெளிநாட்டுத் தூதரகங்கள் கழித்த கார்களை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் ஏலத்தில் விற்கும், அதை வாங்கியவர்கள் அடுத்தவருக்கு விற்பார்கள். பெரியப்பாவின் காரும் அப்படிக் கைமாறி வந்ததுதான் என்று அவர் சொல்கிறார். உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது என்றால் இங்கே உள்ள விலைக்கும் உலக விலைக்கும் சம்பந்தமே இருக்காது. குளத்து மீனுக்குக் கடல் விலை கேட்க முடியுமா?

அண்மைக் காலத்தில் வேலி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. 2021-இல் மத்திய அரசு 50 வருடம் கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும், புதிதாகப் பதிய 20,000 ரூபாய். இறக்குமதியிலும் 1950-க்கு முந்தையது என்ற வரம்பை 2025-இல் தளர்த்தி 50 வருடம் கடந்தவை என்று ஆக்கினார்கள். 2008-இல் மும்பையில் பழைய கார்களுக்கான பெரிய அழகுப் போட்டி ஒன்று தொடங்கியது. நடத்தியது யார் தெரியுமா? அதே கார்ட்டியே! முத்து மாலை கொடுத்து மாளிகை வாங்கிய கம்பெனி, மகாராஜாக்களின் கார்களுக்கு மார்க் போட வந்துவிட்டது.

ராஜாக்களை விடுங்கள். நம்ம தெருவுக்கு வந்த ஜெர்மன் வண்டி எது? டெம்போ! அது ஒரு ஜெர்மன் கம்பெனி வைத்த பெயர். 1950களின் கடைசியில் பஜாஜ் டெம்போ மூலமாக இந்தியாவுக்கு வந்து, கடைசியில் எந்தச் சின்ன சரக்கு வண்டிக்கும் நாம் சொல்லும் சொல்லாகிவிட்டது. அடுத்து லாரி. 1954-இல் டெல்கோவும் டைம்லர் பென்ஸும் ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தார்கள். 1969 வரை அந்த டாட்டா லாரிகளின் முகத்தில் பென்ஸ் நட்சத்திரம் இருந்தது. உப்பளத்து மூட்டையும் சிவகாசித் தீப்பெட்டியும் அந்த நட்சத்திரத்தின் பின்னால்தான் நாடெங்கும் போயிருக்கும். ஊரையே சுமந்த வண்டி அது. ஆனால் அதைச் சேகரிக்க வரிசையில் நிற்பவர் யாரும் இல்லை.

பெரியப்பாவின் கணக்கு

இப்போது அண்ணனின் கேள்விக்கு வருவோம். கோடீஸ்வரர் ஆகியிருப்போமா?

மாட்டோம். துடுப்பு வால் பென்ஸ் லட்சக்கணக்கில் செய்யப்பட்ட வண்டி. உலகச் சந்தையிலேயே அதன் சாதா நான்கு கதவு வகைக்கு நடுத்தர விலைதான். அசல் எஞ்சின் போய்விட்டது, சேகரிப்பவர்கள் அங்கேயே பாதி மதிப்பைக் கழித்துவிடுவார்கள். மிச்சத்தை எங்கள் ஊர் உப்புக்காற்று தின்றிருக்கும். உப்பளத்துக்குப் பக்கத்தில் இரும்புத் தகட்டை நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்று தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைத் திரும்பச் சீர் செய்யும் செலவு காரின் விலையைத் தாண்டியிருக்கும். வெளிநாட்டுக்கு விற்கலாம் என்றால் வேலி.

இதை அச்சடித்துப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "அப்ப நான் ஒண்ணும் தப்புப் பண்ணலல்லா?" என்று கேட்டார். "இல்ல பெரியப்பா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனாலும் அந்த நட்சத்திரத்தையாவது கழட்டி வச்சிருக்கலாம்ல" என்றார். நான் பதில் சொல்லவில்லை. இத்தனை வருடமும் அவர் பணத்துக்காக வருத்தப்பட்டார் என்று நினைத்திருந்தோம். இல்லை போல.

விலை வேறு, மதிப்பு வேறு என்று எல்லோரும் சொல்வதுதான். எனக்குப் புரிந்தது அதற்கும் அடுத்த ஒன்று. ஒரு பொருளுக்குப் பின்னால் விலை வரும் என்று அன்றைக்கே தெரிந்து யாரும் பாதுகாப்பதில்லை. வேறு ஏதோ காரணத்துக்காக யாரோ ஒருவர் வைத்திருப்பதால்தான் மிஞ்சுகிறது, மிஞ்சியதால்தான் விலை வருகிறது. வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் காலியா, லாவோ கப்பல்களின் பெயரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கப்பல்களின் ஒரு சுக்கான் சக்கரம் இன்று நம் துறைமுகத்தில் இருந்தால் எந்த ஏலத்திலாவது விலை சொல்ல முடியுமா?

2025 ஆகஸ்ட் 4 அன்று எங்கள் ஊர் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் என்ற வியட்நாம் கம்பெனியின் மின்சாரக் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. முத்தும் உப்பும் அனுப்பிய ஊர் இப்போது கார் செய்கிறது. 2075-இல் அவற்றில் ஒன்றுக்கு 'தூத்துக்குடியில் செய்த முதல் வரிசை' என்று யாராவது விலை கேட்பார்களா? தெரியாது. பேட்டரி இருக்குமோ என்னவோ! ஆனால் அதிலிருந்து ஒரு பெயர்ப்பலகையையாவது கழற்றி வைக்கச் சொல்லி என் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போவேன்.

உங்கள் வீட்டு ஷெட்டிலும் ஏதாவது நின்றுகொண்டிருந்தால், இரும்புக் கடைக்காரருக்கு டீ வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு புகைப்படமாவது எடுத்துவிடுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.